அடுத்தவர் தளத்துப் படம் உங்கள் புளொக்கில் இருந்தால்: கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

கோயில் திருவிழாப் பதிவு போட்டு மூன்றாம் நாள் காலையில் வாழைச்சேனை மாமியின் கோல். "என்ன மகன், தேர்ப் படம் இருந்த இடத்தில 'களவெடுத்த படம்' எண்டு கிடக்கு?"

அந்தப் படம் நான் எடுத்ததில்லை. இன்னொருவர் தளத்திலிருந்த படத்தின் முகவரியை மட்டும் கொப்பி பண்ணி ஒட்டியிருந்தேன். அவர் தன் சேர்வரில் அதே பெயரில் வேறு படத்தை வைத்துவிட்டார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

இதுதான் ஹொட்லிங்கிங். உங்கள் பக்கத்தை யார் திறந்தாலும் படம் அவருடைய சேர்வரிலிருந்துதான் இறங்கும். 2 எம்பி படத்தை 1000 பேர் பார்த்தால் ஏறத்தாழ 2 ஜிபி, அவர் கணக்கில். பக்கத்து வீட்டு மீற்றரில் வயர் கொழுவுகிற வேலை.

படி 1: பழைய பதிவைத் திறந்து, படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து புதிய டாப்பில் திறவுங்கள். போனில் என்றால் அழுத்திப் பிடியுங்கள். மேலே முகவரியில் யாருடைய தளத்தின் பெயர் வருகிறது? உங்கள் தளமோ உங்கள் புளொக் சேவையோ இல்லையென்றால் குறித்துவையுங்கள்.

படி 2: உடனே டவுன்லோட் செய்து உங்கள் பக்கத்தில் ஏற்றிவிடாதீர்கள். புதியவர்கள் தடுக்குவது இங்கேதான். அப்படிச் செய்தால் அவருடைய டேட்டா மிஞ்சும், உரிமை உங்களுக்கு வராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாத புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆகவே கேளுங்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"வணக்கம். உங்கள் தளத்திலுள்ள இந்தப் படத்தை (இணைப்பு) என் பதிவில் (இணைப்பு) போட விரும்புகிறேன். என் சேர்வரிலேயே ஏற்றி, கீழே உங்கள் பெயர் போடுவேன். சம்மதமா?"

பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே எடுங்கள்.

படி 3: நீங்களே எடுங்கள். மட்டக்களப்பில் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்துக்கு இணையத்தில் படம் தேடுவானேன்? பின்னேரம் புதுப் பாலத்தில் நின்றால் வாவியோடு சேர்த்துக் கிடைக்கும். மறுகா அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுங்கள். போன் படத்தை அப்படியே போட்டால் வாசிப்பவரின் டேட்டா போகும்.

போய் எடுக்க முடியாத இடமென்றால், எவரும் பாவிக்க உரிமம் கொடுத்த படங்கள் இருக்கும் விக்கிமீடியா கொமன்ஸ் தளத்தில் தேடுங்கள். படத்தின் கீழுள்ள உரிம வரியைப் படித்து, கேட்டிருந்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் எழுதுங்கள்.

படி 4: உங்கள் படத்தை மற்றவர்கள் கொழுவினால், சீபேனலிலும் (தளத்தின் சேர்வரை நிர்வகிக்கும் பக்கம்) கிளவுட்ஃபிளேரிலும் (தளத்துக்கு முன்னால் நின்று காக்கும் சேவை) ஹொட்லிங்க் தடுப்பு இருக்கிறது. எந்தப் பக்கம் படத்தைக் கேட்கிறது என்று பிரௌசர் சொல்வதை வைத்தே அது மறிக்கும். சீபேனலில் அனுமதிப் பட்டியலில் உங்கள் முகவரியை மூன்று டபிள்யூவோடும் இல்லாமலும் இரண்டு தரம் எழுதுங்கள். நான் ஒன்றை விட்டுவிட்டு, என் படம் என் புளொக்கிலேயே தெரியாமல் அரை நாள் தேடினேன்.