விசுக்கனிக்கு வீட்டுக் கொன்றை

சித்திரை முதல் நாள் விடிகாலையில் கண் விழித்ததும் பார்ப்பதற்குப் பூவும் காயும் அடுக்கி வைப்பதுதான் விசுக்கனி. அதற்காக நான் வளர்த்த இரண்டாவது மரம்தான் செங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்வாசலில் நிற்பது. முதலில் வைத்தது கனிக்கு உரிய சரக்கொன்றையே இல்லை. "சரக்கொன்றைதான்" என்று நாற்றுப்பண்ணையில் சத்தியம் செய்து கொடுத்த கன்றை நம்பி மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினேன். பூத்தது, மஞ்சளாகத்தான் பூத்தது. ஆனால் கொத்து கீழே தொங்காமல் வானத்தைப் பார்த்து நின்றது. எதிர்வீட்டு ஆச்சி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது மஞ்சக்கொன்னைல்லா, இதையா கனிக்கு வைப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதனால் கன்று வாங்குகிறவர்கள் முதலில் இலையைப் பாருங்கள். சரக்கொன்றையின் சிற்றிலை பெரிசு, உள்ளங்கை நீளம் வரும். ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடிதான் இருக்கும். பத்துப் பதினைந்து ஜோடி சின்ன இலைகள் நெருக்கமாக இருந்தால் அது வேறு ஏதோ கொன்றை. காயில் சந்தேகமே வராது. சரக்கொன்றைக் காய் உருண்டையாக, புல்லாங்குழல் மாதிரி ஒரு முழம் தொங்கும். மஞ்சள் கொன்றையின் காய் தட்டையாக இருக்கும். மஞ்சள் பூ என்பதற்காக எதையும் கொண்டுவந்து நட்டுவிடக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில், அழகுக்கும் நிழலுக்கும் என்று வைத்த ஒரு சீமைக்கொன்றை காட்டுக்குள் பரவி, இப்போது வனத்துறை அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால் கன்றே வேண்டாம், விதை போடுங்கள். பூத்துப் பார்த்த மரத்திலிருந்து எடுத்தால் ஏமாற வழியில்லை.

தை, மாசியில் காய் கருத்து, ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும். அதுதான் பக்குவம். கல்லில் வைத்துத் தட்டி உடையுங்கள். உள்ளே காசு அடுக்கினது போல மெல்லிய தடுப்புகள், ஒவ்வொரு அறையிலும் ஒரு விதை, சுற்றிலும் தார் மாதிரி கறுப்புப் பசை. பசை தித்திக்கும், வாடைதான் சகிக்காது. குரங்கும் கரடியும் அதைத் தின்றுதான் காட்டில் விதை பரவுகிறது. பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியத்தில் அது பேதி மருந்து. விதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தூர எறியுங்கள்.

அப்படியே மண்ணில் போட்டால் முளைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே போகவே போகாது. நான் முதல் வருடம் நாற்பது விதை போட்டு இரண்டுதான் கண்டேன். வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்வார்கள். என் கையில் அதில் பாதிகூடத் தேறவில்லை. நிச்சயமான வழி நகவெட்டி. விதையின் ஒரு முனை சற்றுக் கூராக இருக்கும், காயோடு ஒட்டியிருந்த இடம், முளை வருவதும் அங்கேதான். அதை விட்டுவிட்டு மறுமுனையில் தோலை மட்டும் துளி நறுக்குங்கள். பழுப்புத் தோலுக்கு அடியில் வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நகவெட்டி இல்லையென்றால் உப்புத்தாளில் உரசலாம். பிறகு சாதாத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் பார்த்தால் நறுக்குப்பட்ட விதையெல்லாம் இரண்டு பங்கு உப்பியிருக்கும். உப்பாததை எடுத்து மறுபடி நறுக்குங்கள்.

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணி கலந்து, நல்ல ஆழமான நாற்றுப்பையில் நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் பைக்கு இரண்டு விதை வையுங்கள். அரை நிழல் போதும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆணிவேர் இறங்குகிற மரம் இது. வருடக்கணக்கில் பையில் வைத்தால் வேர் அடியில் சுருண்டு முடிச்சாகிவிடும். மாசியில் போட்டதை ஆனி, ஆடிச் சாரலில் நிலத்தில் வைத்துவிடுவது நல்லது.

இடம் விஷயத்தில் இரண்டே நிபந்தனை. நாள் முழுக்க வெயில் விழ வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. எங்கள் ஊரில் வயலைத் தூர்த்துக் கட்டின மனைகள் நிறைய. அப்படிப்பட்ட மண் என்றால் முக்கால் அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மரம் 30, 40 அடி போகும், எனவே சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாக இருக்கட்டும். இரண்டடிக்கு இரண்டடி குழி, ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு ஒரு கூடை தொழுவுரமும் இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடினால் போதும். ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வருகிற வேகத்தில் கட்டாத கன்று நிற்காது.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர். இலையெல்லாம் ஓட்டையாகி பச்சைப் புழு நெளிந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது, கொஞ்சம் தின்றுவிட்டுப் பறந்துவிடும், இலை மறுபடி துளிர்க்கும்.

பூக்க நாலு முதல் ஏழு வருடம் ஆகலாம். மாசியில் இலை கொட்டும்போதுதான் புதிதாக வளர்க்கிறவர்கள் பயந்துபோய்க் குடம் குடமாக ஊற்றுவார்கள். நானும் ஊற்றினேன், அந்த வருடம் இலைதான் செழித்தது. மூன்று வயது தாண்டின மரத்துக்கு தை முதல் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். சாணி உரமும் சாரல் காலத்தில் மட்டும். கிளை வெட்டுவதென்றால் பூ முடிந்தபிறகு, ஆனி வாக்கில்.

இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அந்த ஒட்டுறவோ என்னவோ, சித்திரை முதல் நாள் கொன்றை இல்லாமல் இங்கே கனி வைக்க மாட்டார்கள். கேரளத்தின் மாநிலப் பூவும் இதுதான். பறிக்கும்போது முழுக்க விரிந்த கொத்து வேண்டாம், இதழ் உதிர்ந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம், மேலே பூவும் நுனியில் மொட்டுமாக இருக்கும் கொத்தைக் காம்போடு வெட்டி, செம்பில் தண்ணீர் வைத்து அதில் போட்டு வையுங்கள். விடிகாலையில் எடுத்து, கனி வைக்கும் உருளியில் (அகன்ற வெண்கலப் பாத்திரம்) வெள்ளரிக்காய் பக்கத்தில் சாய்த்தால் மத்தியானம் வரை வாடாது.