நெல்லின் சமநிலை விலையைச் சமன்பாடுகளிலிருந்து கணிக்கும் முறை

காலபோக அறுவடையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நெல் மூடைகள் ஒரே வேளையில் விற்பனைக்கு வந்து குவியும்போது விலை இறங்கிவிடும் என்பதை வன்னி மாணவர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயர்தரப் பொருளியல் வினாவில் தரப்படும் கேள்வி (வாங்குவோர் வாங்க விரும்பும் தொகை), நிரம்பல் (விற்போர் விற்க விரும்பும் தொகை) சமன்பாடுகள் அந்தச் சந்தையையே எண்களில் எழுதிக் காட்டுகின்றன. பின்வரும் சமன்பாடுகள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. கே என்பது கேள்வி, நி என்பது நிரம்பல், வி என்பது ஒரு கிலோ நெல்லின் விலை (ரூபாய்). தொகைகள் ஆயிரம் கிலோவில் உள்ளன.

கே = 500 − 3வி
நி = −100 + 2வி

தீர்க்கத் தொடங்குமுன் எண்களை வாசித்துப் பாருங்கள். விலை ஒரு ரூபாய் ஏறினால், வாங்குவோர் 3 ஆயிரம் கிலோ குறைத்துக் கேட்பர். விற்போர் 2 ஆயிரம் கிலோ கூட்டிக் கொண்டுவருவர். பலரைத் தடுமாற வைப்பது −100 என்ற எண்ணாகும். மறை அளவில் நெல் இருக்க முடியாது. நிரம்பலைப் பூச்சியமாக்கினால் வி = 50 என வரும்; அதாவது உழவுக்கும் உரத்துக்கும் அருவி வெட்டுக்கும் செலவழித்தவர்கள், விலை 50 ரூபாயைத் தாண்டும்வரை ஒரு மூடையையும் சந்தைக்குக் கொண்டுவரமாட்டார்கள் என்பதே அதன் பொருள். பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் காலத்து வழக்கப்படி விலையை நிலைக்குத்து அச்சில் குறித்தால், நிரம்பல் கோடு அந்த 50இலிருந்து தொடங்கும்.

சமநிலையில், அதாவது வாங்குவோர் கேட்கும் தொகையும் விற்போர் கொண்டுவரும் தொகையும் ஒன்றாகும் இடத்தில், கே = நி ஆகையால்,

500 − 3வி = −100 + 2வி
600 = 5வி
வி = 120

இவ்விலையை இரு சமன்பாடுகளிலும் பிரதியிட வேண்டும்: 500 − 360 = 140; −100 + 240 = 140. இரண்டும் ஒன்றாக வராவிடின், உறுப்புகளைப் பக்கம் மாற்றிய இடத்தில் குறி பிழைத்துள்ளதா என முதலில் பாருங்கள். சமநிலை விலை 120 ரூபாய், சமநிலைத் தொகை 140 ஆயிரம் கிலோ என அலகுடன் விடை எழுதுக. சமன்பாடுகள் விலையை இடப்பக்கத்தில் வைத்துத் தரப்பட்டால், இரு விலைகளையும் சமப்படுத்தித் தொகையை முதலில் காணலாம்.

இனி, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்து சிறுபோகப் பரப்பும் சுருங்கியதால், எல்லா விலைகளிலும் நிரம்பல் 50 ஆயிரம் கிலோ குறைகிறது எனக் கொள்வோம். புதிய நிரம்பல் நி = −150 + 2வி. தீர்த்தால் விலை 130 ரூபாய், தொகை 110 ஆயிரம் கிலோ. நிரம்பல் 50 குறைந்தும் சமநிலைத் தொகை 30 மட்டுமே குறைந்திருப்பதைக் கவனியுங்கள். விலை 10 ரூபாய் ஏறியதால் விற்போர் 20 ஆயிரம் கிலோவைக் கூடுதலாகக் கொண்டுவந்தனர். வாங்குவோர் 30 ஆயிரம் கிலோவைக் குறைத்துக்கொண்டனர். பரீட்சை வினாக்களில் விளக்கம் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், எண்ணை மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள்.

உத்தரவாத விலையையும் (விவசாயிக்கு அரசு உறுதியளிக்கும் விலை) இதே சமன்பாடுகளால் ஆராயலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபை, நிரம்பல் குறையுமுன் இருந்த முதற் சமன்பாடுகளின் சந்தையில் 130 ரூபாய்க்கு நெல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி 110, நிரம்பல் 160, மிகை நிரம்பல் 50 ஆயிரம் கிலோ. இந்த மிகை முழுவதையும் சபை வாங்கினாலன்றி 130 ரூபாய் நிலைக்காது. வாங்காதுவிட்டால், காயவிடக் களமோ வைத்திருக்கக் களஞ்சியமோ இல்லாத விவசாயிதான் முதலில் விலையைக் குறைத்து வியாபாரியிடம் விற்க நேரிடும்.