நவுன் வெர்ப் குழப்பமா? இத பண்ணி பாருங்க

எங்க கும்மோணம் பக்கம் பசங்களுக்கு சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன், நவுன் (பெயர்ச்சொல்), வெர்ப் (வினைச்சொல்)னு வர்ற எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சையும், அதாவது வார்த்தை வகைகளையும், பாட்டு மாதிரி ஒப்பிச்சிடுறாங்க ஆனா ஒரு வாக்கியத்தக் குடுத்து இதுல வாட்டர் எந்த வகைன்னு கேட்டா உடனே நவுன்னு சொல்லிடுறாங்க. மேட்டூர்லேர்ந்து வாட்டர் வந்துச்சுன்னா நவுன்தான், ஆனா "வீ வாட்டர் த ஃபீல்ட்"னா வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறோம், அது வெர்ப். இங்கிலீஷ்ல வார்த்தைய தனியா பாக்காதீங்க, அது உக்காந்துருக்க இடத்தப் பாருங்க. "வீ வாட்டர்ட்"னு நேத்து நடந்ததா மாத்த முடியுதா, அப்ப வெர்ப்.

அட்ஜெக்டிவ் (ஆளோ பொருளோ எப்படிப்பட்டதுன்னு சொல்றது), அட்வெர்ப் (வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றது), இது ரெண்டுக்கும் நம்ம தமிழே போதும். "ஆன" வந்தா அட்ஜெக்டிவ், "ஆ"ன்னு முடிஞ்சா அட்வெர்ப். ஃபாஸ்ட் பஸ்னா வேகமான பஸ், பஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்னா வேகமா ஓடுது, வார்த்தை ஒண்ணுதான் வேலை வேற. ஒரு எடத்துல ஏமாந்துடாதீங்க, "ஷீ ஈஸ் ஹேப்பி"ய நாம சந்தோஷமா இருக்கான்னு சொல்றோம், ஆனா ஈஸ், ஆர், வாஸ் பின்னாடி ஆளப் பத்தி சொல்ற அந்த ஹேப்பி அட்ஜெக்டிவ்தான்.

ப்ரெபசிஷன் ரொம்ப சுலபம், வயல்"ல", தஞ்சாவூர்"லேர்ந்து"ன்னு நாம கடைசில ஒட்டுறத இங்கிலீஷ்காரங்க இன், ஃப்ரம்னு முன்னாடியே வச்சிடுறாங்க. மொதல்ல தமிழ்ல சொல்லிப் பாத்து ஒட்டுனத மட்டும் பென்சில்ல வட்டம் போடச் சொல்லுங்க, பசங்களுக்கு சட்டுனு புரியுது.