ஓய்வுக்குப் பின் வாழ்க்கைப் பிடிப்பு: தோட்டத்து மக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டுப் பெரியவர், வேலையை விட்டு ஓராண்டு கழிந்த பின்னும் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்து, கால்சட்டை அணிந்து, வாசல் நாற்காலியில் வந்து அமர்ந்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் மரம் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) மணிக்கு எழுந்தே பழகிய உடம்பு அது. எழுந்த பிறகு போவதற்குத்தான் இடமில்லை.

‘ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுவதே முதல் தவறு. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பதால், அந்த நாள் எப்போது வரும் என்பது பெரும்பாலோருக்கு முன்பே தெரியும். தோட்டத்து ஆட்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நிர்வாகம் கொடுத்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அண்டை அயலார், கோயில், பந்துத் திடல் எல்லாம் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போக, பெயர் தெரியாத மனிதர்கள் வாழும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. அங்குள்ளவர்களோடு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பழகத் தொடங்குவது நல்லது.

ஊழியர் சேம நிதிப் பணத்தை 55 வயதில் முழுவதுமாக எடுக்கலாம் என்பதற்காக, அதை அப்படியே மகனின் லாரிக்கோ வீட்டுப் புதுப்பிப்புக்கோ கொடுத்துவிட்டு, அதனால் குடும்பத்தில் தமக்கு இடம் நிலைத்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. பணம் தீர்ந்ததும் பேச்சும் குறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பதவியைப் பிடிப்பாக எண்ணுவது வேறொரு தவறு. நூறு பேரை வேலை வாங்கியவர் கோயில் நிர்வாகக் குழுவிலும் அதே குரலில் பேசினால் என்ன ஆகும் என்பதை, எங்கள் ஊர் ஆண்டுக்கூட்டம் ஒன்றையாவது பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கோ, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் இனி வேலை என்று அவர்களைக் கேளாமலேயே மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகள் பால் வாளி சுமந்த தோள் வேறு எதையேனும் விரும்பக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பொழுதுபோக்கு இல்லாததுதான் குறை என்று எண்ணி, பிள்ளைகள் பெரியவருக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்தார்கள். என் பார்வையில் அவரிடம் இல்லாமல் போனது பொழுதுபோக்கன்று. குறித்த நேரத்தில் அவரை எதிர்பார்த்திருக்க ஓர் ஆள்தான். பிறகு எங்கள் தாமானின் மரண சகாய நிதிக்கு வீட்டுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) வசூலிக்கும் பொறுப்பை, வேறு யாரும் முன்வராததால், அவரே ஏற்றார். பெரட்டுப் புத்தகத்தைப் போலவே கோடு போட்ட நோட்டில் பெயர்களை எழுதி, மாதத்தின் முதல் ஞாயிறன்று லோரோங் லோரோங்காக (சந்து சந்தாக) நடந்து, யார் படுத்திருக்கிறார், யாருக்கு மருந்து வாங்க ஆளில்லை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வார்.

சென்ற மாதம் காய்ச்சலால் அவர் போகவில்லை. மூன்றாம் நாள், எதிர் லோரோங் பாட்டி இரண்டு வெள்ளியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். “என்ன மண்டோரே, இந்த மாசம் காசு வாங்க வரலையா?”