பிள்ளையை இன்னைக்கு அனுப்பலாமா? பள்ளி உடல்நல ஆப் செய்கிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

காலை ஏழே கால். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கிறது, பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் லேசாகச் சுடுகிறது, வேன் வர இன்னும் இருபது நிமிடம். பள்ளி கொடுத்த உடல்நல ஆப்பை ஒரு அம்மா திறக்கிற நேரம் இதுதான். கொரோனா காலத்தில், 2021 கடைசியில், ஒரு பள்ளிக்கு இப்படி ஆப் செய்த குழுவில் நானும் இருந்தேன். எங்கள் ஆப்பைத் திறந்தால் முதலில் வந்தது தாளாளரின் படமும் வாழ்த்துரையும். அதைத் தள்ளினால் மாவட்டவாரியாகத் தொற்று எண்ணிக்கை, கலர் கலராக. பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்பது மூன்றாவது மெனுவுக்குள் இருந்த ஒரு பிடிஎஃப்பின் நான்காம் பக்கத்தில்.

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. நிர்வாகம் கேட்டதை எல்லாம் செய்துவிட்டு, பெற்றோருக்கான ஆப் என்று பெயர் வைத்துவிடுகிறோம். முதல் திரையில் ஒரே கேள்வி போதும்: இன்று பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? பதிலைத் தொட்டதும் அனுப்பலாம், வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று மூன்றில் ஒன்று வர வேண்டும். வாழ்த்துரையை எங்கே வைப்பது என்று கேட்டால், கடைசியில் வையுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள் (தாளாளரைத் தவிர).

எங்களை அதிகம் அடித்தது தேதி போடாமல் விட்டதுதான். லேசான தொற்று இருப்பவர் வீட்டுத் தனிமையில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது முன்பு 10 நாள்; 2022 ஜனவரி 5 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அதை 7 ஆக்கியது, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால். நாங்கள் முகப்பில் ஏழு என்று மாற்றினோம். கேள்வி பதில் பக்கத்தில் பத்து அப்படியே கிடந்தது, பழைய சர்க்குலரை போட்டோவாக ஏற்றியிருந்தோம், அதில் பதினான்கு. ஒரே ஆப்பில் மூன்று எண்! பள்ளி திறப்பும் அப்படித்தான், தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ல் 1 முதல் 8 வரை வகுப்புகள் திறந்தன, ஜனவரியில் மறுபடி மூடினார்கள், பிப்ரவரி 1-ல் மறுபடி திறந்தார்கள், ஒவ்வொரு முறையும் பழைய அறிவிப்பு வாட்ஸ்அப்பில் புதுசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. விதி ஒரே இடத்தில் இருக்கட்டும், எல்லாத் திரைகளும் அங்கிருந்து எடுக்கட்டும். கீழே "ஜனவரி 5-ல் மாறியது, முன்பு 10 நாள்" என்று பழையதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; பழையதைக் கேள்விப்பட்டவருக்கு அப்போதுதான் புதியதில் நம்பிக்கை வரும்.

மொழிக்கு வருவோம். தமிழைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரிய இடத்திலும் நடந்தது: தடுப்பூசிக்கான கோவின் தளம் முதலில் ஆங்கிலத்தில்தான் இருந்தது, 2021 ஜூனில் மற்ற இந்திய மொழிகளைச் சேர்த்தபோதுகூட முதல் பட்டியலில் தமிழ் இல்லை, இங்கே சத்தம் கிளம்பிய பிறகுதான் வந்தது. ஆனால் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. எங்கள் படிவத்தில் "தொற்று உறுதி செய்யப்பட்டவருடன் நெருங்கிய தொடர்பு உண்டா?" என்று கேட்டிருந்தோம். ஒரு அப்பா தினமும் "ஆம்" போட்டுக்கொண்டே வந்தார். போன் செய்து கேட்டால், "எல்லார்கூடயும் நெருக்கம்தான் சார், சொந்தக்காரங்க பூரா ஒரே தெரு" என்றார். அப்புறம் மாற்றினோம்: "வீட்டில் யாருக்காவது கொரோனா வந்திருக்கிறதா?" சுவாசக் கோளாறு என்று இருந்ததை "மூச்சு வாங்குகிறதா?" என்றும், நுகர்வுத்திறன் இழப்பு என்று இருந்ததை "சாப்பாட்டு வாசனை தெரிகிறதா?" என்றும் மாற்றினோம். எழுதியதை ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள், எங்கே "அப்படின்னா?" என்கிறாரோ அந்த வரியைத் தூக்குங்கள்.

வீட்டுக்கு ஒரு போன்தான் என்பதை டிசைன் செய்கிறவர் மறந்துவிடுகிறார், ஏனென்றால் அவர் மேசையிலேயே மூன்று கிடக்கும். அந்தப் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஓடிபியும் அதற்குத்தான் போகும். அம்மா பக்கத்து வீட்டுப் போனில் திறந்தால் உள்ளே விடாது. ஒரு நம்பருக்கு ஒரு பிள்ளை என்று கட்டிவிட்டோம், மூன்றாவது படிக்கும் தம்பி ஆப்பிலேயே இல்லை. பொதுவான தகவலுக்கு லாகின் கேட்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நம்பர் சேர்க்க வழி விடுங்கள்.

நோட்டிஃபிகேஷனை நம்பி உட்காராதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அதை அடக்கிவிடும். ஆக, அவசரத்துக்கு எஸ்எம்எஸ் வேண்டும், அங்கே ஒரு கணக்கு இருக்கிறது: ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70 தான். அதிலும் "காய்ச்சல்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் ஒன்பது இடம் பிடிக்கும். "நாளை 7-பி வகுப்பு கிடையாது. வியாழன் வரவும்." என்பது 43, தாராளமாக அடங்கும். அதையே "அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்." என்று ஆரம்பித்தால் சேதி இரண்டாக உடைந்து காசும் இரட்டிப்பாகும். இன்னொன்று, 2021-லிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி முன்கூட்டிப் பதிவு செய்த டெம்ப்ளேட்டில்தான் இப்படி மொத்தமாக அனுப்ப முடியும். ராத்திரி ஒன்பது மணிக்கு அறிவிப்பு வந்த பிறகு டெம்ப்ளேட் எழுத உட்கார்ந்தால் காலைக்குள் நடக்காது.

தினசரி அறிகுறிப் படிவம் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பத்துக் கேள்வி, பத்து டிக். மூன்றாவது நாளிலிருந்து எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" போடுவார்கள். காரணம் சோம்பல் மட்டும் கிடையாது, "ஆம்" என்றால் வருகைப்பதிவு போகுமா, தேர்வு எழுத விடுவார்களா, அம்மாவின் அன்றைய கூலி என்ன ஆகும், எதற்கும் ஆப்பில் பதில் இல்லை. அதைச் சொல்லாமல் உண்மையை மட்டும் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

"7-பி மாணவி ஒருவருக்குத் தொற்று" என்று ஒரு நாள் அனுப்பினோம். பெயர் போடவில்லை, பத்திரம் என்று நினைத்தோம். அந்த வகுப்பில் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர், அன்று வராதது ஒருத்தி. மதியத்துக்குள் அவள் வீட்டுக்கு எதிர்க்கடையில் பால் கொடுக்கத் தயங்கினார்கள். மாணவன், மாணவி என்பதையே எழுதாதீர்கள். அந்த வகுப்புப் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது, ஆனால் சம்மதம் வாங்கிவிட்டதாலேயே வருடக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காய்ச்சல் விவரம் எந்தத் தேதியில் அழியும் என்பதை ஆப்பிலேயே போடுங்கள், அன்று அழியுங்கள்.

கடைசியாக, உதவி எண். நாங்கள் பள்ளி அலுவலக நம்பரைப் போட்டோம், அங்கே ஆள் வருவது ஒன்பதரைக்கு. ஏழே காலுக்கு எடுக்க ஆள் இல்லையென்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ மேலே போடுங்கள், அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தொட்டால் நேராக டயல் ஆகிற மாதிரி வையுங்கள், எங்கள் ஆப்பில் நம்பர் ஒரு படத்துக்குள் இருந்தது.