கையில் கட்டிய கணக்குப்பிள்ளை: கலோரி பட்ஜெட்டைப் படிக்கப் பழகுவோம்

ஃபிட்னஸ் டிராக்கர் வாங்கிக் கட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்கு அது எனக்குக் காட்டிய எண் 396. 'இன்று எரித்த கலோரி'யாம். அப்போதுதான் கண் விழித்திருந்தேன். அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர்கூட அடிக்கவில்லை. எதை எரித்தேன்?

எரித்தது உண்மைதான். இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்பு சூடாக இருக்க, படுத்துக் கிடந்தாலும் செலவு உண்டு. டிராக்கர் நள்ளிரவிலிருந்தே அதையும் சேர்த்து எண்ணுகிறது. இது புரியாமல், இரவில் 1,800 என்று பார்த்துவிட்டு 'இவ்வளவு உழைத்தேனா' என்று ஒரு தட்டு கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் புதுவண்ணாரப்பேட்டையில் மட்டும் இல்லை.

படி 1: உள்ளதை உள்ளபடி பதியுங்கள்

வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று டிராக்கரோடு போனில் இயங்கும் செயலி கேட்கும். உயரத்தைச் சுவரோடு நின்று அளந்து எழுதுங்கள். பல செயலிகள் 1990-இல் வந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரத்தை வைத்துத்தான் கணக்கிடுகின்றன: எடையைப் பத்தாலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதைப் போல ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு பெண் என்றால் 161-ஐக் கழிக்க வேண்டும்; ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். நான் 72 கிலோ, 158 சென்டிமீட்டர், 38 வயது. வருவது சுமார் 1,357. இது சும்மா படுத்திருக்கும் செலவு. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இதை 1.2-ஆல் பெருக்குவார்கள். எனக்கு 1,628.

படி 2: எவ்வளவு குறைக்கலாம்?

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். எடை குறைய, செலவாவதைவிட நாளுக்கு 250, 500, 750, 1,000 கலோரி குறைவாகச் சாப்பிடலாம் என்று செயலி ஆசை காட்டும். ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பழைய கணக்கு. அதன்படி நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் கீழே. நானும் 500-ஐத்தான் முதலில் தொட்டேன். 1,628-இல் 500 போனால் மிச்சம் 1,128. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. ஆகவே 250-க்கு வந்தேன், பட்ஜெட், அதாவது நாளுக்குச் சாப்பிடக்கூடிய அளவு, 1,378. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

படி 3: எண் ஏறினால் ஏமாறாதீர்கள்

இந்த பட்ஜெட் மாதச் சம்பளம் மாதிரி நிலையானது அல்ல, அன்றாடக் கூலி. நடந்தால் ஏறும். மாலையில் கல்மண்டபம் பக்கம் அரை மணி நேரம் வேகமாக நடந்து வந்தால் என் எடைக்குச் சுமார் 125 கலோரி. அதில் முப்பதுக்கும் மேல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். உண்மையான கூடுதல் வருமானம் 90 அளவுதான். போதாததற்கு, 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. அதனால் நடந்து சம்பாதித்ததில் பாதியைத்தான் நான் செலவழிக்கிறேன். பர்மா பஜார் பக்கம் ஒரு தட்டு அத்தோவுக்கு (பர்மிய நூடுல்ஸ்) அது காணாது என்பது வேறு விஷயம்.

படி 4: சாப்பிட்டதை எழுதுங்கள், எண்ணெயோடு

அத்தோ பல செயலிகளின் பட்டியலில் இருக்காது. நூடுல்ஸ், பேஜோ என்கிற மொறுமொறு வறுவல், மேலே ஊற்றிய எண்ணெய் என்று பிரித்துப் பிரித்துப் பதியுங்கள். சோற்றை ஒரு வாரமாவது தராசில் வைத்துப் பாருங்கள். வெந்த சோறு நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி. 'ஒரு கரண்டி' என்பது அவரவர் வீட்டுக் கரண்டியைப் பொறுத்தது. டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40. நான்கு டீக்கு 160, பால் தனி.

எண்ணெய்தான் பெரிய கள்ளன். தாளித்தது, வதக்கியது, தோசைக்கல்லில் சுற்றியது எதுவும் நினைவில் நிற்பதில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி: மளிகைச் சீட்டு. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பார்த்து, ஆள் கணக்கில் வகுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு லிட்டர், ரேஷன் பாமாயிலையும் சேர்த்து. ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 30 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 270. செயலியில் நான் எழுதிவந்தது நாளுக்கு ஒரு டீஸ்பூன், 45 கலோரி! காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீனை 'மீன், ஒரு துண்டு' என்று எழுதிவிட்டு, அது வறுபட்ட எண்ணெயை விட்டுவிட்டால் பட்ஜெட் பொய் சொல்லத்தான் செய்யும்.

படி 5: வாரம் ஒரு முறை எடை

ஒரே கிழமை, காலையில், வெறும் வயிற்றில். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் எடை ஏறினால் பதற வேண்டாம். உப்பு பிடித்து வைத்த தண்ணீர் அது. மூன்று வாரம் அசைவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எழுதும் கணக்கை. அதற்குப் பிறகுதான் பட்ஜெட்டை.

எனக்கு நான்காவது வாரம், மாதம் ஒரு லிட்டர் எண்ணெயைக் குறைத்த பிறகுதான் முள் நகர்ந்தது: 71.6. புது எடையைச் செயலியில் பதிந்தேன். உடனே பட்ஜெட்டிலிருந்து ஐந்து கலோரியைக் கழித்துக்கொண்டது, கஞ்சக் கணக்குப்பிள்ளை.