காலிங்கராயன் போகும் வழியே போவோம்: ஈரோட்டை ஒரே நாளில் சுற்றத் திட்டமிடுவது எப்படி?

ஈரோட்டுக்கு ஜவுளி எடுக்க வருகிறார்கள், மஞ்சள் விற்க வருகிறார்கள், ரயில் மாற வருகிறார்கள். ஊரைப் பார்க்கவென்று வருகிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் 700 ஆண்டுகளுக்கு மேலாகக் காலிங்கராயன் என்ற வாய்க்கால் இந்த ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது, இன்றும் வயலுக்குப் பாய்கிறது. கோவை, திருப்பூர், சேலம், கரூர் எங்கிருந்து கிளம்பினாலும் காலையில் வந்து இரவில் வீடு திரும்பிவிடலாம்.

இதுவரை இந்தப் பக்கம் வராதவர்களுக்காக, படிப்படியாகச் சொல்கிறேன். அடிப்படை யோசனை ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறதோ, அதே வரிசையில் நீங்களும் போங்கள். பவானியில் தொடங்கி, ஈரோட்டின் நடுவே வந்து, கொடுமுடியில் முடியுங்கள். கோயில் ஒரு பக்கம், பூங்கா ஒரு பக்கம், கடைவீதி ஒரு பக்கம் என்று மாறி மாறி அலைந்தால் களைப்புதான் மிஞ்சும். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வோர் இடமும் அடுத்த இடத்தைப் புரியவைக்கும்.

படி 1: எந்த வாய்க்கால் என்று தெளிவாகுங்கள்

இந்த வட்டாரத்தில் வாய்க்கால் என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள். பவானிசாகர் அணையிலிருந்து வருவது கீழ்பவானி வாய்க்கால். விவசாயிகள் அதை எல்.பி.பி. என்பார்கள். அது 1950களில் வந்தது. கோபி பக்கம் கொடிவேரியிலிருந்து பிரிபவை தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். நாம் போகப்போவது இவற்றுக்கெல்லாம் கீழே, பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் பிரிகிற காலிங்கராயன் வாய்க்கால்.

13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டுக் கொங்குநாட்டில் அதிகாரம் செலுத்திய காலிங்கராயன் வெட்டியது இது. 1271இல் தொடங்கி 1283 வரை வேலை நடந்ததாகச் சொல்வார்கள். நீளம் சுமார் 90 கிலோமீட்டர், பாசனம் 15,743 ஏக்கர். கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையாப்பாறையில் நொய்யலில் போய்ச் சேர்கிறது. பவானியிலிருந்து ஈரோடு வழியாகக் கொடுமுடிக்குச் சாலையில் போனால் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்துக்கு வாய்க்கால் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 4இல் அதற்கு வருகிறேன்.

படி 2: நாள் குறிப்பது

முதலில் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும். பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்துவது பெரும்பாலும் கோடையில்தான். அந்த நேரம் போனால் சேறும் குப்பையும்தான் தெரியும். தண்ணீர் திறப்பு, நிறுத்தம் இரண்டும் செய்தித்தாளின் ஈரோடு பதிப்பில் வரும். ஆடி முடிந்து மார்கழி வரை போவது என் விருப்பம். அப்போது மஞ்சள் பயிர் இடுப்பளவுக்கு வளர்ந்து, பெரிய பெரிய இலையோடு கரையோரமெல்லாம் பச்சையாக நிற்கும்.

கிழமையையும் பாருங்கள். திங்கள் இரவும் செவ்வாயும் கனி ஜவுளி மார்க்கெட்டில் வாரச்சந்தை, பல மாநில வியாபாரிகள் வந்து குவிவார்கள். துணி வாங்கத்தான் வருகிறீர்கள் என்றால் அதுதான் நாள், ஊர் பார்க்க ஏற்ற நாள் இல்லை. வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் பவானி கூடுதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. புதன், வியாழன், சனி மூன்றும் வசதி. தை 5ஆம் தேதி காலிங்கராயன் தினம். அன்று அணைக்கட்டில் அவர் சிலைக்கு மாலை போட விவசாயிகள் கூடுவார்கள். பொங்கல் விடுமுறையை ஒட்டி வருவதால், முடிந்தால் அந்த நாளையே பிடியுங்கள்.

படி 3: காலை – பவானி

கோவை, சேலம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஈரோட்டுக்குள் போகாமல் நேரே பவானிக்கு வந்துவிடுங்கள். புறவழிச்சாலையில் போகும் பேருந்தானால் லட்சுமி நகரில் இறங்கலாம். ரயிலில் வந்தால் ஈரோட்டில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். சுமார் 15 கிலோமீட்டர், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. காலை ஏழு மணிக்குள் கூடுதுறையில் நிற்க வேண்டும் என்பது கணக்கு.

சங்கமேஸ்வரர் கோயிலின் பின்புறம் பவானியும் காவிரியும் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கலப்பதாக நம்பிக்கை. திருஞானசம்பந்தர் பாடிய திருநணா இதுதான். குளிக்கிறவர்கள் படித்துறையை விட்டு நகராதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றில் அடியில் இழுப்பு இருக்கும்.

கோயிலுக்குள் வேதநாயகி அம்மன் சன்னதிப் பக்கம் போனால், சுவரில் இருக்கும் மூன்று துளைகளைக் கேட்டுப் பாருங்கள். வில்லியம் கேரோ என்ற ஆங்கிலேயர் கோவை கலெக்டராக இருந்தபோது, ஒரு மழை இரவில் அம்மன் சிறுமியாக வந்து அவரை பங்களாவிலிருந்து வெளியே அழைத்துப் போனாள், மறுகணம் கட்டடம் இடிந்தது என்பது ஊர்க்கதை. கோயிலுக்குள் நுழைய முடியாத அவர், அம்மனை வெளியிலிருந்தே பார்ப்பதற்காகத் துளைத்தவை அந்தத் துளைகள் என்கிறார்கள். 1804இல் அவர் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது. அந்தத் துளைகளுக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். எத்தனை பெரிய பதவியில் இருந்தவர், எவ்வளவு சிறிய ஓட்டை!

டிபனை முடித்துவிட்டு, நேரமிருந்தால் பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறியில் நெய்ததா என்று கேட்டு வாங்குங்கள், விசைத்தறிச் சரக்கும் அதே பெயரில் விற்கிறது.

படி 4: அணைக்கட்டு

இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பவானியிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காலிங்கராயன்பாளையம். வழி தெரியவில்லை என்றால், "ஏனுங்கண்ணா, காலிங்கராயன் அணை எந்தப் பக்கமுங்க?" என்று யாரைக் கேட்டாலும் கொண்டுவந்து விடாத குறையாகச் சொல்வார்கள்.

பவானி ஆற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு தடுப்பு. அதில் தேங்கும் தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலுக்குள் திரும்புகிறது. மிச்சம் தடுப்பின் மேலாக வழிந்து காவிரிக்குப் போகிறது. பார்க்க இவ்வளவுதான். பவானிசாகர் மாதிரி பிரமாண்டத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். மதகுப் பக்கம் நின்று தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்புவதைப் பொறுமையாகக் கவனியுங்கள். ஆற்றின் ஓட்டத்தை உடைக்காமல், ஒரு பகுதியை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிடும் வேலை அது.

இப்போது அந்த வளைவுக் கேள்வி. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியது, அது போன தடத்திலேயே வாய்க்காலை வெட்டினார்கள் என்பது மக்கள் சொல்லும் கதை. நிலத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். மேற்கே மேடு, கிழக்கே காவிரிப் பள்ளம். நேராக வெட்டினால் தண்ணீர் பள்ளத்தில் விழுந்து ஆற்றோடு போய்விடும். அதனால் ஒரே மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மேட்டின் ஓரமாகவே வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, தண்ணீர் தன் எடையிலேயே 90 கிலோமீட்டர் நகர்கிறது. தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது கையில் வயல், வலது கையில் மேடு. இதை நினைவில் வைத்துக்கொண்டு அன்று மாலை வரை எங்கே கரையில் ஏறினாலும் சரிபாருங்கள். நன்செய் முழுக்க வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில்தான் இருக்கும்.

பக்கத்திலேயே மணிமண்டபமும் காலிங்கராயன் சிலையும் இருக்கின்றன. சொந்த நிலத்துக்காகத்தான் வெட்டுகிறார் என்று பேச்சு எழுந்தபோது, "நானும் என் வம்சமும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம்" என்று சத்தியம் செய்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். குழந்தைகளை அழைத்து வந்திருந்தால் இந்தக் கதையை இங்கே வைத்துச் சொல்லுங்கள்.

படி 5: ஈரோட்டுக்குள்

பத்து மணிக்கு ஈரோட்டுச் சாலையைப் பிடியுங்கள். வழியில் வைராபாளையம், கருங்கல்பாளையம் பக்கம் ஓரிடத்தில் நிறுத்தி வாய்க்காலைப் பாருங்கள். அழகான காட்சியாக இருக்காது. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். சாய, தோல் ஆலைக் கழிவும் சாக்கடையும் இந்த வாய்க்காலை நெடுங்காலம் வாட்டியிருக்கின்றன. கழிவு கலக்காமல் இருக்கப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு கால்வாய் வெட்டினார்கள், அதைப் பேபி வாய்க்கால் என்பார்கள். 700 ஆண்டு தாங்கிய ஒன்றை நம் தலைமுறை என்ன செய்தது என்பதை இங்கே நின்றால்தான் முழுதாக உணர முடியும். காலையில் அணைக்கட்டில் பார்த்த தண்ணீர்தான் இது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

ஊருக்குள் போனதும் முதலில் கோட்டை. கோட்டை என்று பெயர்தான், சுவர் எதுவும் மிஞ்சவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றி ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன், 1800இல் இந்த வழியே வந்தபோது இங்கே பெரிய மண்கோட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1877 பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுப்பதற்காக அதை இடித்துச் சமப்படுத்தினார்கள். ஈஸ்வரன் கோயிலும் கஸ்தூரி அரங்கநாதர் கோயிலும் அந்தப் பகுதியில்தான். மதியம் நடை சாத்துவார்கள், அதனால் பன்னிரண்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

அடுத்தது பெரியார்–அண்ணா நினைவகம். 1879இல் பிறந்த பெரியார் வாழ்ந்த வீடு. இந்த ஊரில் நகராட்சித் தலைவராக இருந்து, 1925இல் இங்கிருந்தே குடி அரசு இதழைத் தொடங்கியவர். அவசரப்படாமல் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கணித மேதை ராமானுஜன் பிறந்ததும் ஈரோட்டில்தான், 1887இல்.

வ.உ.சி. பூங்கா வளாகத்து அருங்காட்சியகம், பிரப் சாலையில் பெரிய மாரியம்மன் கோயில், பிரப் நினைவு தேவாலயம் இவற்றில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் திணித்தால் மாலை கெட்டுவிடும்.

படி 6: சாப்பாடு

சைவமானால் அரிசியும் பருப்பும் சாதம் கிடைக்கிற கடையாக விசாரியுங்கள், நெய் விட்டுச் சாப்பிடுங்கள். அசைவக்காரர்கள் கருங்கல்பாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். பள்ளிபாளையம் சிக்கன் பிறந்த ஊரிலேயே சாப்பிடலாம். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல் இவைதான் அதன் ருசி. வெயில் நேரத்தில் இளநீர், கரும்புச்சாறு, கம்மங்கூழ் எல்லாம் சாலையோரம் கிடைக்கும். மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை எங்கும் அலையாமல் நிழலில் இருங்கள்.

படி 7: மாலை – கரையோரம், கொடுமுடி

சொந்த வண்டி இருக்கிறவர்களுக்கு மாலைதான் விருந்து. வெண்டிபாளையம், லக்காபுரம், நஞ்சை ஊத்துக்குளி, பாசூர், ஊஞ்சலூர் வழியாகப் போனால் வாய்க்கால் அடிக்கடி கண்ணில் படும். நல்ல நிழலான இடமாகப் பார்த்து இறங்கி, கரையில் கொஞ்சம் நடங்கள். நெல், கரும்பு, வாழை, மஞ்சள். உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் இலை ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள், மஞ்சள் கிழங்கிலும் இல்லாத ஒரு பச்சை வாசம் வரும். மடையில் யாராவது தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தால் பேச்சுக் கொடுங்கள். எந்த மாதம் தண்ணீர் வரும், எந்த மாதம் நிற்கும், மேட்டில் ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் கசிவு எவ்வளவு உதவுகிறது என்று விலாவாரியாகச் சொல்வார்கள். வயலுக்குள் இறங்க வேண்டுமானால் கேட்டுவிட்டு இறங்குங்கள். வாய்க்காலில் குளிக்க ஆசை வந்தால், ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும். குழந்தைகளை இறக்கவே வேண்டாம்.

பேருந்தில் போகிறவர்கள் கரூர் சாலைப் பேருந்தில் நேரே கொடுமுடி போய்விடலாம். ஈரோட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடியில் மகுடேஸ்வரரும் வீரநாராயணப் பெருமாளும் ஒரே கோயில் வளாகத்தில். வன்னி மரத்தடியில் பிரம்மா. அந்த மரத்தின் வயதைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். சுந்தரர் "சொல்லும் நா நமச்சிவாயவே" என்று பாடிய பாண்டிக்கொடுமுடி இதுதான். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த மண்ணும் இதுதான். தெற்கே வந்துகொண்டிருந்த காவிரி இங்கே கிழக்கே திரும்புகிறது. ஆறு மணிக்குள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டால் வெளிச்சத்திலேயே அந்தத் திருப்பத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் கோயிலுக்குள் போகலாம்.

திரும்பும் வழி

கொடுமுடியில் ரயில் நிலையம் இருக்கிறது, ஈரோடு–கரூர் பாதையில். ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. மாலை ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துவிடுங்கள், தவறினால் பேருந்து உண்டு. கோவை, திருப்பூர்க்காரர்கள் ஈரோடு வந்து மாறிக்கொள்ளுங்கள், கரூர், திருச்சிக்காரர்கள் இங்கிருந்தே நேரே போய்விடலாம். பெரியவர்களோடு வருகிறவர்கள் கொடுமுடியை விட்டுவிட்டு லக்காபுரம் பக்கக் கரையோடு முடித்துக்கொண்டாலும் நாள் நிறைவாகவே இருக்கும். கொடிவேரியையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது கோபிப் பக்கம், எதிர்த்திசை. அதற்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள்.